மாலை கழற்றிய மறுநாள்

குடியை நிறுத்த ஆஸ்பத்திரி இருக்கிறது. நிறுத்தியதைக் காப்பாற்றும் கூட்டம் தாமல் மாதிரி ஊர்களுக்கு எப்போது வரும்?

கார்த்திகை பிறந்தால் காஞ்சிபுரம் மாவட்டத்துக் கிராமங்களில் சில வீடுகளுக்கு ஒரு மண்டலம் நிம்மதி. குடிக்கிறவர் மாலை போட்டுக்கொள்வார். விடியற்காலையில் பச்சைத் தண்ணீர்க் குளியல், கறுப்பு வேட்டி, நெற்றியில் சந்தனம். நேற்றுவரை 'டேய்' என்று கூப்பிட்டவர்கள்கூட 'சாமி' என்கிறார்கள். கூலிப் பணம் முழுசாக வீடு வந்து சேர்கிறது. தைப்பூசத்தையொட்டி மேல்மருவத்தூருக்குச் சிவப்பு உடுத்துகிறவர்கள் வீட்டிலும் இதே கதைதான். கோயிலுக்குப் போய்த் திரும்பி மாலையைக் கழற்றிய மறுநாள், சில வீடுகளில் அன்று சாயங்காலமே, மறுபடியும் பாட்டில் வந்துவிடும்.

"சாமிக்குப் பயந்து நாப்பத்தெட்டு நாள் இருக்கத் தெரியுது, பொண்டாட்டி புள்ளைக்காக இருக்கத் தெரியலையா? எல்லாம் திமிரு" என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிடும். எனக்கு அந்தத் தீர்ப்பில் சம்மதமில்லை. அந்த நாற்பத்தெட்டு நாளும் அவர் தனியாக இல்லை என்பதை ஊர் பார்க்கத் தவறுகிறது. கூடவே மாலை போட்ட பத்துப் பேர் இருந்தார்கள். தினமும் ஒரே இடத்தில் கூடிச் சரணம் சொன்னார்கள். பல வருஷம் மலைக்குப் போய்வந்த குருசாமி ஒருவர் இருந்தார். மனசு தடுமாறினால் அவரிடம் போய் நிற்கலாம். மாலை கழன்ற அன்றைக்கு இத்தனையும் சேர்ந்து கழன்றுவிடுகிறது. அவருடைய பக்தி அப்படியேதான் இருக்கிறது. கூட்டம்தான் கலைந்துவிட்டது.

கலையாத கூட்டம் ஒன்று இருந்தால்? அதைத்தான் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்ற அமைப்பு தொண்ணூறு வருஷமாக உலகம் முழுக்க நடத்திக்கொண்டிருக்கிறது. தெரிந்தவர்கள் சுருக்கமாக ஏ.ஏ. என்பார்கள். குடித்து அழிந்து, பிறகு நிறுத்தியவர்கள், நிறுத்த நினைக்கிறவர்களோடு உட்கார்ந்து பேசும் கூட்டம். டாக்டர் கிடையாது, கட்டணம் கிடையாது, பதிவேடு கிடையாது. சென்னையில் பல ஆண்டுகளாக நடக்கிறது. கிராமத்துக்குத்தான் அது வந்து சேரவில்லை.

தாமல், காஞ்சிபுரத்துக்கு மேற்கே வேலூர் போகிற நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர். பெரிய ஏரி, அதை நம்பிய நெல் வயல், வராகீஸ்வரர் கோயில். இங்கிருந்து உத்திரமேரூர் வரை இந்த மாவட்டத்து ஏரிக்கரை ஊர்களின் வாழ்க்கை ஏறக்குறைய ஒன்றுதான்: கொஞ்சம் விவசாயம், கொஞ்சம் கட்டட வேலை, கம்பெனி வண்டி ஏறிப் போகும் பிள்ளைகள், நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள். இப்படி ஓர் ஊரில் இருக்கும் நாற்பது வயதுக் கொத்தனார் ஒருவர் குடியை விட நினைக்கிறார் என்று வையுங்கள். புதிதாக வருகிறவர்களுக்கு ஏ.ஏ.வில் சொல்லும் வழக்கமான யோசனை, தொண்ணூறு நாளில் தொண்ணூறு கூட்டம். கூட்டங்கள் பெரும்பாலும் சாயங்காலம் நடக்கும், நகரத்தில் நடக்கும். முடிந்து பஸ் ஸ்டாண்டு வந்து சேர்வதற்குள் ஒன்பது மணி ஆகிவிடும். டவுன் பஸ் போயிருக்கும். நெடுந்தூரம் போகும் வேலூர் பஸ் எல்லா ஸ்டாப்பிங்கிலும் நிற்காது. கடைசியில் மெயின் ரோட்டில் இறங்கி இருட்டில் நடக்க வேண்டும். அந்த நடையில் பத்து மணி வரை விளக்கெரியும் கடை ஒன்று எதிர்ப்படாமல் இருந்தால் அவர் அதிர்ஷ்டசாலி. அரைநாள் கூலியும் பஸ் காசும் போக, இந்தச் சோதனையும் தாண்டி மறுநாளும் போக எத்தனை பேரால் முடியும்?

தூரத்தைவிடப் பெரிய தடை வெட்கம். நகரத்தில் 'பெயர் வெளியே தெரியாது' என்பது பெரிய ஆறுதல். குடிக்கிற விஷயத்தை ஆபீஸுக்கும் பக்கத்து பிளாட்டுக்கும் மறைத்து வைத்தவருக்கு அது உயிர். கிராமத்தில் அவர் குடிப்பதை மறைக்க என்ன இருக்கிறது? டீக்கடைக்குத் தெரியும், மேஸ்திரிக்குத் தெரியும், அவர் பிள்ளையோடு படிக்கிற பிள்ளைகளுக்கும் தெரியும். மறைக்க வேண்டியிருப்பது அவர் திருந்த முயல்வதைத்தான். நிறுத்திவிட்டேன் என்று நாலு பேருக்குத் தெரிந்தால், "எத்தினி நாளைக்கு?" என்று சிரிப்பார்கள். பழைய கூட்டாளி, "ஒரே ஒரு கட்டிங்ப்பா, என்ன ஆயிடப் போகுது" என்று இழுப்பான். மறுபடி விழுந்தால் ஊரே பார்க்கும். அதனால் பலர் முயற்சியையே ரகசியமாக, ஒற்றையாளாகச் செய்து பார்க்கிறார்கள், ஒற்றையாளாகவே தோற்கிறார்கள்.

ஏ.ஏ. அறைக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாததால் வரும் பயமும் உண்டு. பள்ளிக்கூட வகுப்பறையோ, சர்ச்சுப் பக்கத்துச் சின்ன ஹாலோ, பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருக்கும். ஒருவர் நடத்துகிறார், அவரும் குடித்தவர்தான். பேச வருகிறவர் முதல் பெயரை மட்டும் சொல்லி, நான் ஒரு குடிநோயாளி என்று ஆரம்பிப்பார். பெண்டாட்டி தாலியை அடகு வைத்தது, பிள்ளையின் ஸ்கூல் பீஸைக் குடித்தது, அப்பா சாவுக்குக் கொள்ளி போடக்கூட நிதானமில்லாமல் போனது என்று ஐந்து, பத்து நிமிஷம் பேசுவார். யாரும் குறுக்கே கேள்வி கேட்பதில்லை, புத்தி சொல்வதில்லை. முடிந்ததும் கைதட்டுவார்கள், அடுத்தவர் தன் கதையைச் சொல்லத் தொடங்குவார். பேச விருப்பமில்லாதவர் சும்மா உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகலாம். நடுவில் ஒரு டப்பாவோ பையோ சுற்றி வரும். இருக்கிறவர்கள் பத்தோ இருபதோ போடுவார்கள். டீயும் வாடகையும் அதில்தான். வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது அவர்கள் வைத்துக்கொண்டிருக்கும் கட்டுப்பாடு. குடிக்காமல் ஒரு வருஷம் முடித்தவருக்குப் பிறந்தநாள் கொண்டாடி கேக் வெட்டும் குழுக்கள் உண்டு. பல வருஷம் நிறுத்தியவர் ஒருவரைப் புதியவர் வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாம். ராத்திரி பதினொரு மணிக்குக் கை பரபரத்தால் போன் செய்யலாம். குருசாமி வேலைதான்.

இது ஆரம்பித்த கதையும் ஒரு போன் காலில்தான். 1935 மே மாதம், அமெரிக்காவின் அக்ரான் நகரத்து ஹோட்டல் ஒன்றில் பில் வில்சன் என்ற நியூயார்க் பங்குத் தரகர் நின்றிருந்தார். வந்த வியாபாரம் முறிந்துவிட்டது. குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. ஒரு பக்கம் பாரில் இருந்து சிரிப்புச் சத்தம், இன்னொரு பக்கம் டெலிபோன். தன்னைப் போன்ற இன்னொரு குடிநோயாளியிடம் பேசினால்தான் இன்றைக்குத் தப்பிப்போம் என்று தோன்ற, உள்ளூர் சர்ச்சுகளுக்குப் போன் போட்டு அப்படி ஒருவரைத் தேடினார். கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித், அறுவை சிகிச்சை நிபுணர், மோசமான குடிகாரர். பதினைந்து நிமிஷம் என்று ஒத்துக்கொண்டு வந்தவர் ஆறு மணி நேரத்துக்கு மேல் பேசிக்கொண்டிருந்தார். அவர் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10-ஐயே அமைப்பின் பிறந்தநாளாக வைத்திருக்கிறார்கள். இந்தியாவுக்கு அது 1957-ல் வந்தது. குடிக்கிறவர்களின் குடும்பத்துக்கென்று அல்-அனான் என்ற தனிக் கூட்டங்களும் அமெரிக்காவில் 1951-லேயே தொடங்கின. அக்ரானைப் போலத் தாமலிலும் இரண்டு பேர் போதும் என்பதற்காகத்தான் இந்தக் கதையைச் சொல்கிறேன்.

கிராமத்துக்கு இதெல்லாம் ஒத்துவராது என்பவர்களுக்குத் தமிழ்நாட்டிலேயே பதில் இருக்கிறது. மத்திய நிதியமைச்சராக இருந்த டி.டி.கிருஷ்ணமாச்சாரியின் பேரன் டி.டி.ரங்கநாதன் 1979-ல் குடிநோயால் இளம் வயதிலேயே இறந்துபோனார். மனைவி சாந்தி ரங்கநாதன் அந்தத் துக்கத்தோடு அமெரிக்காவின் ஹேசல்டன் மையத்துக்குப் போய்ப் பயிற்சி பெற்று வந்து, 1980-ல் கணவர் பெயரில் ஒரு அறக்கட்டளையைத் தொடங்கினார். இன்றைக்கு சென்னை இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனை என்று எல்லோருக்கும் தெரிந்த இடம் அதுதான். அவருக்கு 1992-ல் பத்மஸ்ரீயும் 1999-ல் ஐ.நா.வின் வியன்னா சிவில் சொசைட்டி விருதும் வந்தன. விருதுகளைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, 1980-களின் இறுதியில் அந்தக் குழு சென்னையை விட்டுக் கிளம்பி, அப்போதைய தஞ்சாவூர் மாவட்டத்து மஞ்சக்குடி கிராமத்துக்குப் போனதுதான்.

சென்னைக்கு வந்து ஒரு மாதம் படுத்திருக்க விவசாயக் கூலிக்கு வழியில்லை. அதனால் ஆஸ்பத்திரி ஊருக்குப் போயிற்று. பதினைந்து நாள் முகாம். இடமும் சாப்பாடும் ஊர்க்காரர்கள், உள்ளூர் அறக்கட்டளை பொறுப்பு. மருத்துவரும் ஆலோசகர்களும் சென்னையிலிருந்து வந்தார்கள். முகாமுக்கு முன்பே வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள். மனைவியையும் உட்காரவைத்துப் பேசினார்கள். வேலை கொடுக்கிற பண்ணையார், ஊர்ப் பெரியவர்கள் போன்றோரையும் இழுத்துக்கொண்டார்கள். முகாம் முடிந்த பிறகும் விட்டுவிடவில்லை; அதே ஊருக்கு மாதாமாதம் திரும்பி வந்தார்கள். ஒரே ஊரைச் சேர்ந்த இருபது, இருபத்தைந்து பேர் ஒரே சமயத்தில் நிறுத்தும்போது வெட்கம் உடைந்துவிடுகிறது. கிண்டல் செய்ய ஆள் குறைந்து, 'அவனே விட்டுட்டான், நாமும் விடலாம்' என்ற பேச்சு வருகிறது. நகரத்துக்குப் பெயர் மறைப்பு எப்படியோ, கிராமத்துக்கு இந்தப் பகிரங்கம் அப்படி. இந்த அனுபவத்தை சாந்தி ரங்கநாதன் 1996-ல் ஆங்கிலத்தில் புத்தகமாகவும் எழுதினார். ஆனால் முப்பத்தைந்து வருஷம் கழித்தும் ஒவ்வொரு ஒன்றியத்திலும் ஒரு மஞ்சக்குடி இல்லையே என்பது என் ஆற்றாமை.

தேவை எவ்வளவு என்று காட்ட ஒரு கணக்கு. அரசின் டாஸ்மாக் நிறுவனம் 2003 நவம்பரிலிருந்து சில்லறை விற்பனையை முழுதாகக் கையில் வைத்திருக்கிறது. 2023-ல் 500 கடைகளை மூடிய பிறகும் 4,829 கடைகள் இருந்தன. 2023-24-ல் அரசுக்கு அதிலிருந்து வந்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். ஒரு சாதாரண குவார்ட்டர் 2024-ல் 140 ரூபாய் ஆனது. தினம் ஒன்று என்றால் வருஷத்துக்கு 51,100 ரூபாய். இன்னொரு பக்கம், 2019-ல் மத்திய அரசு வெளியிட்ட, எய்ம்ஸ் நடத்திய ஆய்வு, இந்தியாவில் குடிக்கு அடிமையானவர்கள் சுமார் 2.9 கோடிப் பேர் என்றும், அவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது சிகிச்சையைத் தொட்டிருக்கிறார் என்றும் சொன்னது. மீதி 37 பேரும் எங்கே போனார்கள்? சிலர் மந்திரித்துக் கயிறு கட்டிக்கொள்ளப் போனார்கள். சிலர் வீட்டில், 'குடிப்பவருக்குத் தெரியாமலே' என்று சுவரில் விளம்பரம் செய்யும் மருந்தை வாங்கிக் குழம்பில் கலந்தார்கள்.

அந்த மருந்தைப் பற்றி அழுத்தமாகச் சொல்லியாக வேண்டும். அது டைசல்பிராம் வகை மாத்திரையாக இருந்து, உள்ளே இருக்கும்போது சாராயம் போனால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். குடிக்கிறவருக்குத் தெரிந்து, டாக்டர் மேற்பார்வையில்தான் அதைக் கொடுக்க வேண்டும். அதேபோல, வருஷக்கணக்காகத் தினமும் குடித்தவர் ஒரே நாளில் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து, அது சாமிக்கு மாலை போடுவதற்காக இருந்தாலும். சில மணி நேரத்தில் கை நடுங்கும், வேர்க்கும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் இல்லாததைப் பார்த்துப் பேசி, உளறி, காய்ச்சலடித்து, கவனிக்காவிட்டால் செத்தும் போகலாம். 'பேய் புடிச்சிருக்கு' என்று வேப்பிலை அடிக்கக் கூட்டிப்போகும் கேஸ்களில் சில இதுதான். 2020 ஊரடங்கில் கடைகள் மூடியபோது, செங்கல்பட்டில் வார்னிஷ் குடித்து மூன்று பேர் செத்தார்கள். 2023 மே மாதம் பக்கத்து மதுராந்தகம் வட்டாரத்திலும் மரக்காணத்திலும் விஷச் சாராயம் இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. நிறுத்த முடியாத உடம்பு எதையும் குடிக்கும். ஆகவே முதலில் ஆஸ்பத்திரி, பிறகு கூட்டம். மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இதற்கு மருந்து உண்டு. ஒரு வாரம், பத்து நாளில் உடம்பு தெளிந்துவிடும். அதற்குப் பிறகான முப்பது வருஷத்துக்குத்தான் கூட்டம்.

கூட்டத்தால் உண்மையிலேயே பலனுண்டா என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். 2020-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, பத்தாயிரத்துக்கும் அதிகமானவர்களைப் பற்றிய 27 ஆய்வுகளை அலசியது. ஏ.ஏ. வழிக்கு அனுப்பப்பட்டவர்களில் 42 சதவீதம் பேர் ஒரு வருஷம் கழித்தும் குடிக்காமல் இருந்தார்கள்; மற்ற சிகிச்சைகளில் அது 35 சதவீதம். அற்புதம் என்று சொல்ல மாட்டேன், பாதிக்கு மேல் மறுபடி குடித்திருக்கிறார்கள். ஆனால் காசே வாங்காத ஒரு நாற்காலி வட்டம் இவ்வளவு செய்கிறதென்றால், அதை ஊருக்கு ஊர் கொண்டுபோகாமல் இருக்க என்ன நியாயம்?

குடிக்கிறவரை ஒதுக்கிவைப்பது நமக்குப் பழைய வழக்கம். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பத்தாம் நூற்றாண்டுக் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. பராந்தக சோழன் காலத்தது. பெரும்பாவங்கள் செய்தவர் சபைக்கு நிற்கக் கூடாது என்கிறது அது. அந்தப் பெரும்பாவங்களில் கள் குடிப்பதும் ஒன்று. அவர் மட்டுமல்ல, உறவினரும் நிற்கக் கூடாது. சபைக்கு அது நியாயமான விதியாக இருந்திருக்கலாம். குடிக்கிறவன் வீட்டாரையும் சேர்த்து ஒதுக்கும் வழக்கம் மட்டும் ஆயிரத்து நூறு வருஷமாகப் போகவில்லை. 'அப்பன் குடிகாரன்' என்பதற்காக இன்றைக்கும் பெண்ணுக்கு வரும் சம்பந்தம் தட்டிப்போகிறது. ஏ.ஏ.வில் சேர ஒரே தகுதி, குடியை விட வேண்டும் என்ற ஆசை. எத்தனை தரம் விழுந்திருந்தாலும் சரி, வாசல் திறந்திருக்கும்.

பெண்களைப் பற்றி ஒன்று. நம் கிராமத்துப் பெண்களுக்கு மகளிர் சுய உதவிக் குழு இருக்கிறது. வட்டமாக உட்கார்ந்து, சேமிப்பு, கடன், வீட்டுக் கஷ்டம் எல்லாம் பேசி எழுந்துபோகும் பழக்கம் அவர்களுக்கு முப்பது வருஷமாக உண்டு. ஆண்கள் சேர்ந்து உட்கார்ந்து மனசு விட்டுப் பேசும் இடமாக ஊரில் மிஞ்சியிருப்பது பார் மட்டும்தான். குடிக்காமல் அழ, குடிக்காமல் தோல்வியைச் சொல்ல அவர்களுக்கு இடமில்லை. சுய உதவிக் குழு சாத்தியப்பட்ட ஊரில் இதுவும் சாத்தியம்.

எங்கே கூடுவது என்பதில் கவனம் வேண்டும். ஊர்க் கோயில் மண்டபத்தில் வைத்தால் காலனிக்காரர் வரத் தயங்குவார். காலனி சமுதாயக் கூடத்தில் வைத்தால் ஊர்க்காரர் வர மாட்டார். குடி எல்லாத் தெருவிலும் ஒன்றாகத்தான் கொல்கிறது. பள்ளிக்கூடம்தான் பொது.

இப்போதே வழி தேடுகிறவர்கள் மனநல உதவிக்கான டெலி மானஸ் 14416 எண்ணிலோ, போதை மீட்புக்கான 14446 எண்ணிலோ, தமிழக அரசின் 104-லோ பேசலாம், பணம் ஆகாது. ஏ.ஏ. அமைப்பின் சென்னை அலுவலகத்தைக் கேட்டால் பக்கத்தில் எங்கே, என்றைக்குக் கூட்டம் என்று சொல்வார்கள். இடமும் நேரமும் மாறும் என்பதால் கிளம்பும் முன் ஒரு போன் போடுங்கள். குடும்பத்தாரும் வரக்கூடிய திறந்த கூட்டமா என்றும் கேளுங்கள். கரோனாவுக்குப் பிறகு செல்போனிலேயே நடக்கும் கூட்டங்கள் உண்டு. பஸ் கிடைக்காத நாளில் அது கைகொடுக்கும். ராத்திரியில் ஆள் அனுப்பிக் கட்டித் தூக்கிக்கொண்டு போகும் தனியார் மையங்களிடம் மட்டும் யாரையும் ஒப்படைக்காதீர்கள். 2017 மனநலச் சட்டப்படி பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள்; காட்டத் தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள்.

மற்றபடி, ஊருக்கு ஒரு வேண்டுகோள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. அவற்றில் குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி ஆகிய நாலு நாளும் டாஸ்மாக்கும் மூடியிருக்கும். எல்லோரும் நிதானத்தோடு வந்து உட்காரலாம். கடையை மூடு என்று தீர்மானம் போடுகிற சபைகள் நிறைய, போடட்டும். அதோடு இன்னொரு தீர்மானமும் போடுங்கள்: வாரத்தில் ஒரு நாள், சாயங்காலம் ஒன்றரை மணி நேரம், பள்ளிக்கூடத்தில் ஓர் அறையும் இருபது நாற்காலியும் ஒரு விளக்கும். பஞ்சாயத்துக்கு இதில் செலவில்லை; வாடகை கேட்டால் அதையும் கூட்டத்துக்கு வருகிறவர்களே கொடுப்பார்கள். முதல் வாரம் நகரத்திலிருந்து குடியை விட்ட இரண்டு பேர் வந்து பேசுவதற்கு ஏ.ஏ. அலுவலகத்தைக் கேளுங்கள், அனுப்புவார்கள். அடுத்த கிராம சபையில் யாராவது ஒருவர் எழுந்து இதைக் கேளுங்கள். குடிக்கிறவர் வீட்டுப் பெண் எழுந்து கேட்டால், பக்கத்தில் இருப்பவர்கள் அவர் கூடவே எழுந்து நில்லுங்கள்.